மூன்று முழுச் சுற்று

கார்பின் க்ரீக், இந்தியானா
மார்ச் 14, 1983

வெர்னா அவர்களுக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்ததற்கு நன்றி. பிரித்திருந்தால்.

ஜனவரி கடைசியில் டெல்பர்ட்டுக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. காலைக் காப்பிக்குக் கூப்பிடப் போனேன், காரேஜ் தரையில் கோட்டோடு கிடந்தார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டில். வலது கையும் காலும் வரவில்லை, சக்கர நாற்காலிதான். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. திருப்பிப் பேசத்தான் முடியவில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் வருகிறது. அதை எழுதத்தான் பத்து நாளாகத் தயங்கினேன். அந்தச் சொல் "வெர்னா". தண்ணீர் வேண்டுமென்றாலும் வெர்னா, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் வெர்னா, என்னைக் கூப்பிடுவதும் வெர்னா.

பேச்சுப் பயிற்சி தர வரும் பெண்ணிடம் கேட்டேன். "மனசுல வச்சுக்காதீங்க மிசஸ் ஸ்டக்கி," என்றாள். "இந்த மாதிரி ஆனவங்களுக்கு ஏதாவது ஒரு வார்த்தை மாட்டிக்கும். நான் பாக்குற இன்னொருத்தரு எதைக் கேட்டாலும் செவ்வாக்கெழமன்னுதான் சொல்லுவாரு. அதுக்கு அர்த்தமே கெடையாது."

"செவ்வாக்கெழமையோட யாரும் பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தலியேம்மா," என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அர்த்தம் இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் ஒருமுறை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் நான் என் தங்கை வீட்டில் போய் இருக்கிறேன்.

மேக்சின்


ஆஸ்டோரியா, ஒரிகான்
மார்ச் 26

மேக்சின்,

வர மாட்டேன்.

உறையில் வெர்னா ஸ்டக்கி என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெயர் பத்து வருஷமாக உன்னுடையது. நான் பழையபடி வெர்னா ஹோல்ட். இங்கே மீன்பிடி படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிறேன். படகுத்துறையில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். எவனும் என் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்வதில்லை.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நம் ஊர் கார்ப் பந்தய மண் டிராக்கில் அவன் ஜெயித்த ஒவ்வொரு எஞ்சினையும் கடைசியாகத் தொட்டது நான். வால்வுகளைச் சரிவைப்பது என் வேலை. அவனுக்கு விரல் தடிமன், பொறுமை கிடையாது. ஒர்க்‌ஷாப் போர்டில் "டெல்பர்ட் ஸ்டக்கி" மட்டும்தான் இருந்தது. "ஒன் பேரையும் போட எடமில்ல வெர்னா, பலகை சின்னது," என்றான். அதன் பிறகு உதிரிபாகக் கடை கவுண்டரில் நின்றுகொண்டு நீ சிரித்த சிரிப்புக்கு மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ இடம் கிடைத்தது.

அவனுக்கு இப்படி ஆனதற்கு வருத்தம். அது வேறு, வருவது வேறு. போன் செய்யாதே. உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

வெர்னா ஹோல்ட்


கார்பின் க்ரீக்
ஏப்ரல் 7

வெர்னா ஹோல்ட் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது எதையும் மறுக்கப் போவதில்லை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அது ஒரு காரணமாகாது என்றும் தெரியும்.

இனி வரச் சொல்லிக் கேட்க மாட்டேன். வேறொன்று கேட்கிறேன்.

உங்கள் இரண்டு பேருடைய அந்த நீல நிறப் பந்தயக் கார் இன்னும் காரேஜில்தான் இருக்கிறது. விழுவதற்கு முந்தின வாரம் எஞ்சினைப் பிரித்து, புது கேம் தண்டும் புது டேப்பட்டுகளும் போட்டிருந்தார். மே மாதக் கடைசியில் பழைய டிரைவர்கள் அவரவர் காரில் டிராக்கை ஒரு சுற்று வரப் போகிறார்கள். அதற்காகத்தான். பாதியில் நின்றுவிட்டது. தினமும் காலையில் இடது கையால் காரேஜைக் காட்டுகிறார். கொண்டுபோய் நிறுத்தினால் எஞ்சினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஹார்லனை உங்களுக்கு நினைவிருக்கும், அவரோடு ஓட்டிய ஹார்லன். டெல்லைப் பக்கத்தில் உட்கார வைத்து அன்று அவர் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற பாகங்களையெல்லாம் அவரே பூட்டிவிட்டார். வால்வு மட்டும் மிச்சம். "அத நான் தொட மாட்டேன் மேக்சின்," என்கிறார். "எனக்கு ஓட்டத்தான் தெரியும். அந்தக் கார்ல வெர்னாவத் தவிர யாரு கைய வச்சாலும் டெல்லுக்குச் சத்தத்துலயே தெரிஞ்சிரும்."

நான் செய்கிறேன். எப்படி என்று எழுதுங்கள். ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். அவர் கண் முன்னால் அந்த எஞ்சின் ஓடவேண்டும், அவ்வளவுதான்.

மேக்சின்


ஆஸ்டோரியா
ஏப்ரல் 18

மேக்சின்,

கேட்டாய், எழுதுகிறேன்.

டேப்பட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டானா என்று ஹார்லனிடம் கேட்டுக்கொள். வால்வு மூடியைக் கழற்று. ஒவ்வொரு வால்வுக்கும் மேலே சீசாப் பலகை மாதிரி ஒரு ராக்கர் இருக்கும், அதன் நடுவில் ஒரு நட்டு. ஒரு முனை வால்வை அழுத்தும். மறுமுனைக்குக் கீழே பென்சில் தடிமனில் ஒரு கம்பி இருக்கும், அதுதான் புஷ்ராடு. அது டேப்பட்டின் மேல் நிற்கிறது. அடியில் கேம் தண்டு சுற்றும்போது டேப்பட்டைத் தூக்கும், வால்வு திறக்கும். மொத்தம் பதினாறு.

முதல் சிலிண்டரில் ஆரம்பி. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை வரும்வரை எஞ்சினைக் கையால் சுற்று. நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு, புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். ஆடும். ஆட்டிக்கொண்டே நட்டை மெதுவாக இறுக்கு. ஆட்டம் அற்றுப்போகும் இடம் ஒன்று வரும். அதை விரல்தான் சொல்லும், கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிறுத்து.

அங்கிருந்து மூன்று முழுச் சுற்று இறுக்கு. பதினாறுக்கும் அதேதான்.

புத்தகத்தைப் பார்த்துக் குழம்பாதே. அவன் போட்டிருக்கும் கேம் தண்டு வேறு, கணக்கு வேறு.

வெர்னா


கார்பின் க்ரீக்
மே 8

வெர்னா,

எஞ்சின் ஓடவில்லை.

நேற்றுச் செய்தேன். அவரும் பார்க்க வேண்டும் என்று நாற்காலியைக் காருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். சட்டை மாற்றி, தலை சீவிவிட்டிருந்தேன். நீங்கள் எழுதியபடியே முதல் நட்டு. அந்த இடம் எனக்குக் கிடைத்தது வெர்னா, சத்தியமாகக் கிடைத்தது. ஆடிக்கொண்டிருந்த கம்பி சட்டென்று அடங்கியது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். விழுந்த பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அது.

பிறகு இறுக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று வருவதற்குள் "வெர்னா" என்றார். இரண்டாவது சுற்றில் இன்னும் உரக்க. இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போலக் காட்டினார். நாற்காலிக் கையில் அறைந்தார். "வெர்னா! வெர்னா! வெர்னா!"

எனக்குப் பொறுக்கவில்லை. "வெர்னா இல்ல டெல். நான் மேக்சின். பத்து வருசமா ஒன்கூட இருக்குற மேக்சின். அவ வரமாட்டாளாம், எழுதிட்டா. நான்தான் செய்யணும், என்னத்தான் பாத்தாகணும் நீ," என்று கத்தினேன். கத்திவிட்டு நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் மீதிப் பதினைந்தையும் முடித்தேன்.

சாயங்காலம் ஹார்லன் வந்து சாவியைத் திருகினார். எஞ்சின் பஞ்சுபோல லேசாகச் சுற்றியது. பற்றவே இல்லை. தீப்பொறியைப் பார்த்தார், பெட்ரோலைப் பார்த்தார், எல்லாம் இருக்கிறது. பேட்டரி தீரும்வரை முயன்றோம். டெல் அழுதார். சத்தம் வராமல் வாய் கோணி, பாதி முகம் மட்டும் அழுதது.

நான் எங்கே தப்பு செய்தேன்? இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மேக்சின்


ஆஸ்டோரியா
மே 14

மேக்சின்,

நீ சுற்றை எண்ணியதில் தப்பு நடந்திருக்கும். முதல் தடவை செய்பவர்களுக்கு அப்படி ஆகும்.

எல்லா நட்டையும் முழுக்கத் தளர்த்து. மறுபடி முதலிலிருந்து வா. ஆட்டம் அற்றுப்போன இடத்திலிருந்து அரைச் சுற்று. அரைதான். அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தாமதிக்காமல் நாளைக்கே செய்.

நாற்காலியை எஞ்சின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்.

வெர்னா


கார்பின் க்ரீக்
மே 23

வெர்னா,

உங்கள் கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. டெல்பர்ட் பதினேழாம் தேதி காலையில் போய்விட்டார். முதல் நாள் மதியத்திலிருந்தே நினைவு இல்லை. மறுபடியும் அதே அடைப்பு, இந்தமுறை பெரியது என்று டாக்டர் சொன்னார். நேற்று முன்தினம் அடக்கம் செய்தோம். ஹார்லனும் டிராக் ஆட்கள் ஐந்து பேரும் தூக்கினார்கள்.

அந்தப் பத்து நாளும் அவர் காரேஜைக் காட்டவில்லை. அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. சூப் கொடுத்தால் வாயைத் திறப்பார், போதுமென்றால் மூடிக்கொள்வார். "எதாவது சொல்லு டெல். அவ பேரையாவது சொல்லித் தொலை," என்று நானே கெஞ்சினேன்.

சுற்றை எண்ணியதில் தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வாய்விட்டு எண்ணினேன். பதினாறு முறையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணினேன். ஏப்ரல் கடிதம் இதோ மேஜையில் இருக்கிறது. மூன்று என்று உங்கள் கையெழுத்தில், அடிக்கோடு போடாத குறையாக இருக்கிறது. மே கடிதத்தில் அரை.

எது சரி என்று மட்டும் சொல்லுங்கள்.

மேக்சின்


ஆஸ்டோரியா
ஜூன் 2

மேக்சின்,

அரைதான் சரி. எப்போதுமே அரைதான்.

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இந்தமுறை என்ன வருகிறதோ அதை அப்படியே தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

டேப்பட்டின் உள்ளே ஒரு சின்ன பிஸ்டன் இருக்கிறது, எண்ணெயின் மேல் மிதப்பது. அரைச் சுற்று அழுத்தினால் அது மேலும் கீழும் அசைய இடம் வைத்துக்கொண்டு நிற்கும், எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும். மூன்று சுற்று அழுத்தினால் அடியில் போய் முட்டிக்கொள்ளும். அப்புறம் வால்வு மூடாது. மூடாத வால்வோடு எஞ்சின் சுற்றும், பற்றாது. ஒன்றும் உடையாது. அது எனக்குத் தெரியும். உடையக்கூடாது, ஓடவும் கூடாது என்று கணக்குப் போட்டுத்தான் மூன்று என்று எழுதினேன்.

"அவர் கண் முன்னால் ஓடவேண்டும்" என்று எழுதியிருந்தாய். உன் கையால் அது ஓடி, அவன் உன்னைப் பார்த்துத் தலையாட்டுவதை நினைத்தேன். பதினெட்டு வருஷம் நான் குனிந்து நின்ற இடத்தில் நீ நிற்பாய். ஒருமுறையாவது உன்னால் முடியாமல் போகட்டும், அவன் அதைப் பார்க்கட்டும் என்று தோன்றியது. அதிகம்போனால் ஒருவாரம் நீ திண்டாடுவாய், அப்புறம் சரியான கணக்கை எழுதிவிடலாம் என்றும் நினைத்தேன். அந்த வாரத்தில் அவன் போவான் என்று நினைக்கவில்லை. மே மாதமும் உண்மையைச் சொல்லத் தைரியம் வராமல் உன்மேலேயே பழியைப் போட்டேன்.

உன் மே எட்டாம் தேதிக் கடிதத்தைப் படித்தபோதே எனக்குப் புரிந்தது. உனக்குப் புரிந்திருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் சொல்லியாக வேண்டும். அவன் என்னைக் கூப்பிடவில்லை. "போதும், நிறுத்து" என்று உன்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான், அதை வைத்துக்கொண்டு சொன்னான். விரலை ஒட்டிக் காட்டியது "கொஞ்சம்தான், கொஞ்சம்தான்" என்று. உன் கை தப்பாகப் போகிறதே என்று பதறியிருக்கிறான். உனக்காகத்தான் கத்தியிருக்கிறான். என் கணக்கையும் அந்த நிமிஷமே புரிந்துகொண்டிருப்பான். அதனால்தான் பிறகு என் பெயரைச் சொல்லவில்லையோ என்னவோ.

மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் எழுதினால் ஒருமுறை வந்து நின்றுவிட்டுப் போவேன். நீ வேண்டாமென்றால் வரமாட்டேன்.

வெர்னா


கார்பின் க்ரீக்
செப்டம்பர் 30

வெர்னா,

நான்கு மாதம் பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ஹார்லனிடம் காட்டப் போனேன். அவர் வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். காட்டினால் ஊர் முழுக்க உங்களைத் திட்டும். திட்டட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அப்படித் திட்டும்போது நான் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவளாக நிற்கவேண்டும். அது என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் புது டேப்பட்டுகள் வந்த பெட்டியில் ஒரு தாள் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் இருக்கும். பதினான்கு வருஷம் அந்தக் கவுண்டரில் நின்று அந்தப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தவள் நான். அதில் படம் போட்டு எழுதியிருக்கும், ஆட்டம் அற்ற இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் ஒரு சுற்றுவரை என்று. மே ஏழாம் தேதி காலையில் அதை எடுத்துப் படித்தேன். உங்கள் கடிதத்தில் மூன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்.

உங்களை நம்பினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பத்து வருஷமாக அவர் எந்த எஞ்சினை முடித்தாலும், ஓடவிட்டுச் சற்றுநேரம் கேட்டுவிட்டு, "பரவால்ல. ஆனா வெர்னா வச்ச மாதிரி வராது," என்பார். என்னிடம் சொல்லமாட்டார், எஞ்சினிடம் சொல்வார். நான் காப்பியோடு நின்றுகொண்டிருப்பேன். எல்லாருக்கும் தெரிந்த கணக்கு எனக்கு வேண்டாம், உங்களுடையதுதான் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்று ஒருநாளாவது அவர் என் கையைப் பார்த்து "வெர்னா" என்ற அந்தச் சொல்லைச் சொன்னால் அது எனக்குரியதாக இருக்கட்டும் என்று. அவர் கத்தக் கத்த, தாளில் படித்தது என் மனதில்தான் இருந்தது. இருந்தும் இறுக்கினேன். நாற்காலியைத் திருப்பியதும் நான்தான். அதை உங்கள்மேல் போடமுடியாது.

போன சனிக்கிழமை காரேஜைத் திறந்து பதினாறு நட்டையும் தளர்த்தினேன். முதலிலிருந்து செய்தேன். அரைச் சுற்று. ஒவ்வொன்றாக, காலை முழுவதும் ஆனது. விரல் இப்போது சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறது. ஹார்லனைக் கூப்பிடவில்லை. நானே சாவியைத் திருகினேன். இரண்டாவது முயற்சியில் பற்றியது. முதலில் கொஞ்சம் தடதடத்து, எண்ணெய் ஏறியதும் அடங்கிவிட்டது. கால்மணி நேரம் ஓடவிட்டேன். மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், நடுக்கமே இல்லை. நன்றாக இருந்தது வெர்னா. நன்றாக இருக்கிறதென்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் எனக்கு வேறு யாரும் இல்லை.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் அது இருக்கிறதா என்று இத்தனை நாளும் பார்த்தேன். இன்னும் வரவில்லை. வராமலே போகலாம். உங்களிடம் நான் கேட்கவேண்டிய மன்னிப்பும் பழையதாக நிறைய இருக்கிறது, அதையும் இப்போது கேட்கப் போவதில்லை.

அவர் மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால், மேட்டின் மேல் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கல் இன்னும் வரவில்லை, தகரப் பலகையில் பெயர் எழுதி நட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். அன்று வேண்டாம், வேறு நாளில் வாருங்கள். சர்ச்சில் யாரும் கேட்டால் சொந்தக்காரி என்று சொல்லிக்கொள்ளுங்கள். நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

பனி பிடித்துவிட்டால் அந்த மேட்டில் காலை ஊன்ற முடியாது. வருவதாக இருந்தால் நவம்பருக்குள் வந்துவிடுங்கள்.

மேக்சின்